இருபத்திரண்டு கிலோமீட்டர்

முருங்கப்பாக்கம் தாண்டும்போதே
என் பக்கத்து வைப்பர் நின்றுபோனது.
இடப்பக்கத்தது மட்டும்
நிலவனின் கண்ணாடியைத்
துடைத்துத் துடைத்து வைக்கிறது.
அவன் எனக்காகப் பார்க்கிறான்:
"மாடும்மா. இன்னொரு மாடு. ஸ்கூட்டர்.
லாரி, லாரி... போயிடுச்சு. பள்ளம்."

பள்ளங்களை எனக்குத் தெரியும்.
அப்பா இந்தச் சாலையில்
இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினார்.
பாண்டி கடலூர், கடலூர் பாண்டி,
கடைசி நடை எந்த ஊரில் முடிகிறதோ
அந்த ஊரில் தூக்கம்.
டிப்போவில் படுத்தேன் என்பார்.
கொசு கடித்த தடம் ஒன்றுகூட இல்லாத
கைகளைப் பார்த்துக்கொண்டே
நாங்களும் நம்பினோம்.

தவளக்குப்பம் சிக்னலில் போன் ஒளிர்கிறது.
திலகவதி அழைக்கிறாள்.
திலகவதி நான்தான்.

பெயர் குழறிவிடக் கூடாதென்று
இரண்டு வீட்டுப் பெண்ணுக்கும்
ஒரே பெயரை வைத்த மனுஷன்.
தூக்கத்தில் உளறினாலும் மாட்டமாட்டார்.
பதினாறாம் நாள் காரியம் முடிந்து
அவர் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது
ரேஷன் கார்டு நகல் ஒன்று விழுந்தது.
அதில் என் பெயர் இருந்தது,
அப்பா பெயர் இருந்தது,
ஊர் மட்டும் கடலூர் முதுநகர்.

அம்மா வாங்கிப் பார்த்தாள்.
நான்காக மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
இன்று காலை, நீயும் வரியா என்றதற்கு
"மழை" என்றாள். அவ்வளவுதான்.

கிருமாம்பாக்கத்தில் வயலும் சாலையும் ஒன்று.
முன்னால் போகும் டவுன் பஸ்ஸின்
சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.
கன்னியக்கோயில் எல்லைக் கடைகளில்
தலையில் பாலித்தீன் கவர் மாட்டிய ஆண்கள்
பாட்டிலை மட்டும் நனையாமல் அணைத்து நிற்கிறார்கள்.

"அம்மா, அவங்க எனக்குப் பெரியம்மாவா, சித்தியா?"
"தெரியலடா."
"பிறந்த வருஷம் கேட்டா தெரியுமே."
கேட்கலாம்.
கேட்டால் எந்த வீடு முதல் வீடு
என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.
ரெட்டிச்சாவடி வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

பெண்ணையாறு கரைக்குக் கரை புரள்கிறது.
பாலத்தின் நடுவே
வண்டியை ஓரம் கட்டி எட்டிப் பார்க்கிறது ஊர்.
எனக்கும் நிறுத்தத் தோன்றியது.
நிறுத்தினால் திருப்பிவிடுவேன்.

மறுபடி போன். நிலவன் ஸ்பீக்கரில் போடுகிறான்.
"எங்க வர்ற? மஞ்சக்குப்பமா?
பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்துடாதே, முட்டளவு தண்ணி.
கெடிலம் பாலம் இறங்கினதும்
மெதுவா ஒடி. பிடுங்காதே."

ஒடி, பிடுங்காதே.
பதினெட்டு வயதில்
ஸ்டியரிங்கில் என் கைமேல் கைவைத்து
அவர் சொன்னது எழுத்து மாறாமல் வருகிறது.
இவளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்.
எந்த ஞாயிற்றுக்கிழமைகளில்?
எங்களிடம் ஓவர்டைம் என்ற ஞாயிற்றுக்கிழமைகளிலா?
கோபம் வந்தது.
கோபத்திலும் மெதுவாகத்தான் ஒடித்தேன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம்
கருவாட்டு வாசம் மழையில் ஊறிய சந்து.
உரச்சாக்கைக் கூம்பாக மடித்துத்
தலையில் கவிழ்த்தபடி ஒருத்தி
கையைக் காட்டிக் காட்டிப் பின்னால் நகர்கிறாள்:
வா, வா, இன்னும் வா, போதும்.
இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
கியர் போட்டுப் போட்டு
இறங்கிய தோள் என்று
நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அதே தோள்.

கட்டிப்பிடிக்கவில்லை.
அழவும் இல்லை.
"வைப்பர் போச்சா" என்றாள்.
"முருங்கப்பாக்கத்துலேயே" என்றேன்.
துண்டை என்னிடம் தராமல்
நேராக நிலவன் தலையைத் துவட்டினாள்.
அவன் அவள் முகத்தையே பார்த்தான்,
வருஷம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று.

உள்ளே, பார்க்காத ஓர் அறையிலிருந்து
வயதான பெண்குரல்:
"திலகா, கதவைச் சாத்தும்மா, சாரல் அடிக்குது."

இரண்டு பேரும் திரும்பினோம்.
இரண்டு கை தாழ்ப்பாளுக்கு நீண்டன.
முதலில் சிரித்தது
நிலவன்தான்.